ஓவிய வகுப்பில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு

உயர்நிலைப் பள்ளியின் தொடக்கநிலை ஓவிய வகுப்பில் கைத்திறனுக்கு மட்டுமே மதிப்பெண் கிடைப்பது அரிது. முதல் கோட்டிலிருந்து இறுதி வடிவம் வரை நீங்கள் எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதையும் ஆசிரியர் பார்ப்பார் என்பதால், வரைவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிடுங்கள். பிடிக்காத முயற்சிகளையும் கிழித்தெறியாதீர்கள். மெல்லிய கோடுகளுக்கு எச்பி, அடர்ந்த நிழலுக்கு 6பி, தொடக்கத்திற்கு இவ்விரண்டு பென்சில்களே போதும்.

அக்ரிலிக் வண்ணம் காய்ந்துவிட்டால் நீரில் கரையாது. ஆகவே மணி அடிக்கும்வரை வரைந்துகொண்டிராமல், 10 நிமிடம் முன்பே தூரிகைகளைக் கழுவிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால், நீர் உலோகப் பூணுக்குள் இறங்கி, மயிரைப் பிடித்திருக்கும் பசையைத் தளர்த்திவிடும் (பலரும் செய்யும் தவறு இது). இணையத்தில் கிடைத்த பிறர் புகைப்படத்தை அப்படியே நகலெடுத்து, சொந்தப் படைப்பென்று ஒப்படைக்காதீர்கள்.