கோடைப் பயிற்சிக்கு இயற்கைப் பண்ணைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கல்லூரித் தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் இயற்கை விவசாயப் பண்ணைகளில் தங்கி வேலை பழகப் போகும் மாணவர்கள் இப்போது நிறைய. கரூர் மாவட்டத்தில் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் தொடங்கிய வானகம், ஆரோவிலில் சாலிட்யூட், ஆரோ ஆர்ச்சர்ட் என்று போய்க் கற்றுக்கொள்ள இடங்களும் உண்டு. கூட்டாக நடக்கும் பண்ணையில் விளைவதை நம்பி ஒரு பொதுச் சமையலறையோ, காய்கறிக் கூடைக்குக் காத்திருக்கும் குடும்பங்களோ இருக்கும். அங்கே தெரியாமல் செய்யும் தவறும் யாரோ ஒருவர் சாப்பாட்டில் கை வைத்துவிடும்.

பலர் கோடையில் கூடை கூடையாக அறுவடை செய்யலாம் என்று நினைத்து வருகிறார்கள். இந்தப் பக்கம் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். மே மாதத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை என்று சிலதுதான் கைகொடுக்கும். மற்றபடி மூடாக்கு போடுவது (காய்ந்த இலை, வைக்கோலால் மண்ணை மூடுவது), பாத்தி கட்டுவது, விதை சுத்தம் செய்வது, தண்ணீர் பாய்ச்சுவது என்றே நாள் போகும். இதைத் தெரிந்துகொண்டு வந்தால் முதல் வாரத்திலேயே சலிப்பு வராது.

காலையில் தூங்கிவிடாதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் விடிந்ததும் இறங்கி, பத்து மணிக்குள் கடினமான வேலையை முடித்துவிட வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ குடித்துக்கொண்டே இருங்கள். தலை சுற்றினால் நிழலுக்கு வந்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கூச்சப்பட்டுச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது.

அதிக சேதம் நடப்பது களை எடுப்பில்தான். எளிய வேலை என்று புதிதாக வந்தவர் கையில் கொடுத்துவிடுகிறோம், உண்மையில் அதற்குத்தான் நல்ல கண் வேண்டும். தண்டுக்கீரை விதைத்த பாத்தியில் முள்ளுக்கீரையும் சேர்ந்து முளைக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம், இரண்டு இலைப் பருவத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலவே நிற்கும். கணுவில் முள் வர நாளாகும். அதற்குள் வேகமாகக் கை ஓட்டினால் பயிர் போய்விடும், களை நிற்கும். வரிசையாக விதைத்திருந்தால் வரிசைக்கு வெளியே இருப்பதை மட்டும் முதலில் எடுங்கள். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிடுங்கிக் காட்டிக் கேளுங்கள். பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் தானாக முளைப்பவைதான், ஆனால் மதியக் குழம்புக்குப் போகிறவை. அவற்றை வரப்பில் வீசிவிடாதீர்கள். கோரைப்புல்லோ வேறு கதை. மேலே இலையை மட்டும் இழுத்தால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி கிளம்பும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டுங்கள்.

மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிப்பதும் அடிக்கடி நடக்கிறது. அடித்தண்டு ஈரத்தில் அழுகும், கரையானும் ஏறும். செடியைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள்.

அப்புறம் ஜீவாமிர்தம், அதாவது மண்ணில் நுண்ணுயிர் பெருக ஊற்றும் கரைசல். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்று கலந்துவிட்டு, டிரம்மை இறுக மூடிவிடுகிறார்கள். நுண்ணுயிர் பெருகக் காற்று வேண்டும். சாக்குத் துணியால் மூடி, காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். வடிகட்டாமல் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் துளை அடைத்துக்கொள்ளும், அந்த வரிசைச் செடிகள் வாடியபிறகுதான் தெரியவரும். இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலைக் கண்ட நேரத்தில் அடிப்பதும் தவறு. உச்சி வெயிலில் இலை கருகும். பூக்கும் செடியில் தேனீ மேயும் நேரத்தில் தெளிப்பான் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று, என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. பயிற்சிக்கு வருபவர்கள் பண்ணையைத் தொடங்கியவர் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாகச் சுற்றுகிறார்கள். பக்கத்து ஊரிலிருந்து தினமும் வேலைக்கு வரும் அக்காக்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எந்தப் பாத்தியில் நீர் நிற்கும், நாற்று எப்போது பிடுங்கத் தயாராகும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். "அக்கா, இதை எப்படிச் செய்யணும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் சாப்பிட்டு எழும்போது நீங்களும் தட்டைக் கழுவி வையுங்கள்.

ஒரு மாதத்துக்கு வந்துவிட்டு மூலிகைத் தோட்டம், புதுக் குளம் என்று சொந்தத் திட்டம் தொடங்க வேண்டாம். நீங்கள் போனபின் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? இருக்கிற ஒரு பாத்தியைக் கேட்டு வாங்கி ஒழுங்காகப் பாருங்கள். கிளம்பும்போது என்ன ரகம், எந்தத் தேதியில் விதைத்தது, எந்தக் குழாய் கசிகிறது என்று எழுதி, அடுத்து பார்க்கப்போகிறவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.