உலகம் அழிந்த பிறகு: நாவலையும் படத்தையும் ஒப்பிடுவது எப்படி

போன மாதம் சிங்கப்பூரில், அங் மோ கியோவில் ஒரு காப்பிக் கடையில் நானும் நண்பனும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். 'ஐ ஆம் லெஜண்ட்' படம் நாவலுக்கு நியாயம் செய்ததா இல்லையா என்பதுதான் விவகாரம். அவன் கைபேசியில் பட்டியலே வைத்திருந்தான்: நாவலில் லாஸ் ஏஞ்சலிஸ், படத்தில் நியூயார்க்; நாவலில் ரத்தக்காட்டேரிகள், படத்தில் கிருமி தொற்றிய ஏதோ ஜந்துகள்; நாவலில் தெருநாய், படத்தில் வளர்ப்பு நாய். எல்லாம் உண்மைதான். ஆனால் இது ரப்பர் தோட்டத்தில் எத்தனை மரம் சீவாமல் விட்டார்கள் என்று எண்ணுகிற கணக்குப்பிள்ளை வேலை. பால் எவ்வளவு வந்தது என்பதல்லவா கேள்வி?

ஊழிக்குப் பிறகான கதைகளை நான் எப்படி ஒப்பிடுகிறேன் என்று சொல்கிறேன். முடிவுகளைப் போட்டு உடைக்காமல் இதைப் பேச முடியாது, அதனால் படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

முடிந்தால் நாவலை முதலில் படியுங்கள். நூலகத்தில் 21 நாள் தவணை, எம்ஆர்டி ரயில் பயணத்திலேயே முடித்துவிடலாம், இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் குண்டாக இருப்பதில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு தாளில் இரண்டே கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். உலகம் எதனால், யார் செய்த காரியத்தால் போனது? முதல் பக்கத்தில் நாயகனுக்குத் தெரியாத எது கடைசிப் பக்கத்தில் தெரிகிறது? படம் பார்த்த பிறகு எழுதினால் படம் சொன்ன பதில்தான் கையில் வரும். மனசு அப்படித்தான், பார்த்ததை நம்பும், படித்ததை மறக்கும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதில்தான் சரக்கு இருக்கிறது. ரிச்சர்ட் மேத்சனின் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல் 1954இல் வந்தது. நாயகன் நெவில் மிஞ்சியிருக்கிற ஒற்றை மனிதன், பகலில் தூங்குகிற காட்டேரிகளைத் தேடித் தேடிக் கொல்கிறான். நாமும் அவன் பக்கம் நின்று படிக்கிறோம். கடைசியில் நோய் தொற்றியும் அதை அடக்கி வாழப் பழகிய ஒரு புதிய சமூகம் அவனைப் பிடிக்கிறது. சன்னலுக்கு வெளியே நிற்கிற கூட்டத்தின் முகத்தில் பயத்தைப் பார்க்கிறான். அவர்கள் தூங்கும்போது வந்து கொல்கிற அரக்கன் அவன்தான், பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லும் கதையில் வருகிற ஆள் அவன்தான். தலைப்பில் இருக்கிற 'லெஜண்ட்', அதாவது வழிவழியாகச் சொல்லும் கதை, என்பதன் பொருளே அதுதான். 2007 படத்தில் நெவிலாக வருகிற வில் ஸ்மித் மருந்தைக் கண்டுபிடித்து, அதை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கையெறி குண்டோடு உயிரைக் கொடுக்கிறார். அதனால் அவர் மாமனிதர். அதே தலைப்பு, நேர் எதிரான பொருள்.

இதில் சுவையான விஷயம், அந்தப் படத்துக்கே இன்னொரு முடிவும் எடுத்தார்கள், டிவிடியில் வந்தது. அதில் ஜந்துகளின் தலைவன் சண்டைக்கு வரவில்லை, நெவில் பிடித்து வைத்திருக்கிற தன் துணையை மீட்க வந்திருக்கிறான். அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சோதனையில் செத்தவர்களின் படங்கள் ஒட்டியிருக்கிற சுவரை நெவில் பார்க்கிறார். ஊர் வேறு, ஜந்து வேறு, நாய் வேறு, ஆனாலும் அந்தச் சில நிமிடங்கள் நாவலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஒப்பிடப் பழக வேண்டும் என்றால் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை: இரண்டு முடிவையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

நாய்க்கு வருகிறேன். நாவலில் அந்தத் தெருநாயின் நம்பிக்கையைப் பெற நெவில் நாள்கணக்கில் சாப்பாடு வைத்துக் காத்திருக்கிறான். கைக்கு வந்து கொஞ்ச நாளில் அது செத்துப்போகிறது. படத்தில் நாய் தொடக்கத்திலிருந்தே கூட இருக்கிறது. ஏன் தெரியுமா? நாவலில் தனியாள் மனசுக்குள் பேசலாம், பக்கம் பக்கமாகப் பேசலாம். திரையில் அவன் யாரிடமாவது பேசியாக வேண்டும். எனவே மாற்றத்தைக் கண்டதும் கோபப்படாமல், எந்தச் சங்கடத்தைத் தீர்க்க இதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். சங்கடம் உண்மையானது என்றால் மாற்றத்தை மன்னிக்கலாம். படம் பார்ப்பவர் வருத்தத்தோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் காரணம் என்றால் மன்னிக்க வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு, அதாவது உலகம் எதனால் போனது என்பதற்கு, 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' நல்ல உதாரணம். பியர் பூல் 1963இல் எழுதிய பிரெஞ்சு நாவலில் மனிதர்கள் சோம்பேறியாகிறார்கள், வேலைக்குப் பழக்கிய குரங்குகள் மெல்ல மெல்ல வீட்டையும் ஊரையும் எடுத்துக்கொள்கின்றன. நடப்பதும் வேறொரு கோளில். 1968 படம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடற்கரை மணலில் பாதி புதைந்த சுதந்திர தேவி சிலையைக் காட்டி, எல்லாம் பூமியில்தான் நடந்தது, குண்டு போட்டு நாமே அழித்துக்கொண்டோம் என்கிறது. ஒரே காட்சியில் அதை ஊழிக் கதையாக்கியது படம்தான். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் குற்றம் சாட்டப்படுகிறவர்கள் வேறு. இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை: பூல் 1930களில் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர், போர்க்காலத்தில் சிங்கப்பூரிலும் இருந்திருக்கிறார். வேலைக்காரர்கள் எசமானர்களாகிற கதை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஊகம்தான் செய்ய முடியும். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் அந்த நாவலை ஒருமுறை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

சரி, எல்லாவற்றையும் மாற்றியும் நாவலுக்கு உண்மையாக இருக்க முடியுமா? 'சில்ட்ரன் ஆஃப் மென்' பாருங்கள். பி. டி. ஜேம்ஸின் 1992 நாவல் 2021இல் நடக்கிறது, 2006இல் வந்த அல்ஃபோன்சோ குவாரோன் படம் 2027இல். இரண்டிலும் உலகத்தில் பிள்ளை பிறப்பது நின்றுவிட்டது, ஆனால் நாவலில் மலடு ஆண்களுக்கு, படத்தில் பெண்களுக்கு. கருவுறுகிற பெண்ணே வேறு ஆள். கணக்குப்பிள்ளை பார்த்தால் மயங்கி விழுவார். ஆனால் பிள்ளைச் சத்தம் இல்லாத உலகம் எப்படி உள்ளுக்குள் இற்றுப்போகும் என்பதை நாவல் பொம்மைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற பெண்களைக் காட்டிச் சொல்கிறது, படம் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக நீளும் சண்டைக் காட்சியின் நடுவில் ஒரு குழந்தை அழுததும் துப்பாக்கிகள் நிற்பதைக் காட்டிச் சொல்கிறது. எனக்கு இரண்டிலும் ஒரே இடத்தில் தொண்டை அடைத்தது. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2023இல் 0.97க்கு இறங்கிய ஊரில் உட்கார்ந்து படித்ததும் காரணமாக இருக்கலாம். நாவலில் இன்னொன்றும் உண்டு: வெளிநாட்டு இளைஞர்களை அழுக்கு வேலைக்கு அழைத்து வந்து, வயதானதும் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.

நடையையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' நாவலில் அப்பாவுக்கும் பெயர் இல்லை மகனுக்கும் இல்லை, பேச்சுக்கு மேற்கோள் குறிகூடக் கிடையாது, சாம்பல் மூடிய உலகத்தில் குறிகளும் உதிர்ந்துவிட்ட மாதிரி. இதைப் படமாக்க முடியாது. அதற்கு ஈடாக என்ன வைத்தார்கள் என்று தேடுங்கள். 2009 படம் நிறத்தை உறிஞ்சிவிட்டது, கத்ரினா புயலுக்குப் பிறகான நியூ ஆர்லியன்ஸ் மாதிரி உண்மையிலேயே சிதைந்த இடங்களில் எடுத்தது. அது பலித்தது. மனைவியின் நினைவுக் காட்சிகளை நீட்டியது எனக்குப் பலிக்கவில்லை, நாவலில் அவள் சில பக்கங்களில் வந்து போவதுதான் குத்துகிறது. நாவலின் கடைசிப் பத்தியில் மலை ஓடைகளில் ஒருகாலத்தில் நீந்திய மீன்கள் வரும், திரும்பச் சரிசெய்ய முடியாத ஒன்றாக. படம் சிறுவனுக்கு ஒரு குடும்பம் கிடைப்பதோடு நின்றுவிடுகிறது. என் தாளில் அந்த மீன்களைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

'வேர்ல்ட் வார் இசட்' பற்றி ஒரு வரி போதும்: நாவல் முழுக்கப் பலர் கொடுத்த பேட்டிகள், படத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிற ஒரே ஆள். ஒப்பிட உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள், தனிப் படமாகப் பாருங்கள்.

காப்பிக் கடை நண்பனுக்கு அந்த இன்னொரு முடிவை அனுப்பி வைத்தேன். ஈசூன் போகிற ரயிலில் பார்த்துவிட்டுப் பதில் போட்டான்: "முடிவு விஷயத்தில் நீ சொன்னது சரி. நாய் விஷயத்தில் இன்னும் பேச வேண்டியிருக்கிறது."