வெயில் காயும் பறவைகளைப் பார்ப்பது எப்படி?

மொட்டைமாடிச் சுவரில் ஒரு காக்கா இறக்கையைப் பரப்பி, அலகைத் திறந்து, கழுத்து இறகெல்லாம் சிலிர்த்துக் கிடந்தால் பதற வேண்டாம். வெயில் காய்கிறது.

முதலில் இடம். வடசென்னையில் ரெட்டேரி, மாதவரம் ஏரி, எண்ணூர் கழிமுகம் எல்லாமே நல்ல இடங்கள். தண்டையார்பேட்டையில் மாடி இருந்தால் அதுவே போதும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் பறவை வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு வெயில் அடிக்கும் காலையைத் தவறவிடாதீர்கள்.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) வாங்குங்கள். 10 மடங்கில் கை ஆட்டமும் பெரிதாகத் தெரியும். கேமராவை ஆரம்பத்தில் தொடாமல் இருப்பது நல்லது, படம் எடுக்கும் அவசரத்தில் பார்வை போய்விடும். பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

அடுத்தது, பலரும் தடுமாறும் இடம்: இது வெயில் காய்கிறதா, உடம்பு சரியில்லையா? கிட்டே போய்ச் சோதிக்காதீர்கள். தள்ளி நின்று பொறுமையாகப் பாருங்கள். வெயில் காயும் பறவை முதுகையோ பக்கவாட்டையோ சூரியனுக்குக் காட்டும். இறக்கையும் வாலும் விசிறியாக விரியும். சிறிது நேரத்தில் தானே எழுந்து இறகு கோத ஆரம்பித்துவிடும். நோயுற்றது நிழலிலும் உப்பிப்போய், கண் சொருகி உட்கார்ந்திருக்கும். விரட்டினாலும் சட்டென்று பறக்காது.

எழுந்த பிறகு நடப்பதுதான் சுவாரசியம், பாதியில் கிளம்பிவிடாதீர்கள். வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தேய்த்து, ஒவ்வோர் இறகாக அடியிலிருந்து நுனிவரை உருவும். பிரிந்துபோன இழைகள் மறுபடி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். தலைக்கு அலகு எட்டாது, கால்தான் சொறிய வேண்டும். காக்காவும் மைனாவும் இறக்கையைத் தாழ்த்தி அதற்கு மேலாகக் காலைக் கொண்டுவரும். புறா நேராகக் கீழிருந்தே சொறியும். இதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் எந்தப் பறவை சொறிந்தாலும் கண் அங்கேதான் போகும்.

வெயில் எதற்கு? அமெரிக்காவில் சில தகைவிலான் குருவிகளுக்கு (swallow) பேன் மருந்து போட்டுப் பார்த்தார்கள். மருந்து பட்டவை வெயில் காய்வது குறைந்தது. ஆக, பேன் தொல்லை ஒரு காரணம்.

பின்சேர்க்கை: ரெட்டேரியில் நீர்க்காகம் இறக்கை விரித்து நிற்பதும் இதுதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது முக்கியமாக ஈரம் உலர்த்துவதற்கு. அதன் இறகின் வெளிப்பகுதி தண்ணீரில் நனையும், அதனால் மிதப்புக் குறைந்து முங்குவது எளிதாகிறது.

மாடியில் தண்ணீர் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக வையுங்கள். ஆழமில்லாத மண்தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கொசு வராமல் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பக்கத்திலேயே ஒரு தட்டில் உலர்ந்த மணல் வைத்தால் சிட்டுக்குருவி வந்து மண்குளியல் போடும்.