எம்ஜிஐடி குழாய் நேர்மறை ஆன பின்: மைக்கோபாக்டீரிய இனத்தைக் கண்டறியும் முறை

சளி மாதிரியைத் தூய்மையாக்கி வளர்ப்பில் இடுவது உங்களுக்குப் பழகிய வேலை என்று கொண்டு, கருவி ஒரு எம்ஜிஐடி குழாயை (காசநோய்க் கிருமியும் அதன் உறவினங்களுமான மைக்கோபாக்டீரியங்களை வளர்க்கும் திரவ ஊடகக் குழாய்) நேர்மறை, அதாவது கிருமி வளர்ந்துள்ளது, என்று காட்டும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: குழாயிலிருந்து ஒரு துளியைச் சீல்-நீல்சன் முறையில் (மைக்கோபாக்டீரியங்களைச் சிவப்பாகக் காட்டும் முறை) சாயமேற்றிப் பாருங்கள், வேறு பாக்டீரியா கலந்துள்ளதா என்று அறிய இன்னொரு துளியை இரத்த அகார் தட்டில் இட்டு 48 மணி நேரம் வையுங்கள். தட்டில் ஏதேனும் வளர்ந்தால் அதையும் சாயமேற்ற வேண்டும், ஏனெனில் விரைவாக வளரும் மைக்கோபாக்டீரியங்களும் அங்கே வளரக்கூடும்.

படி 2: எம்பிடி64 அட்டைச் சோதனை (காசநோய்க் கிருமிகள் சுரக்கும் எம்பிடி64 என்ற புரதத்தைக் கண்டறிவது). 15 நிமிடங்களில் கோடு தோன்றினால் அது காசநோய்க் கிருமித் தொகுதி.

கோடு தோன்றாதபோதுதான் நான் தவறினேன். சாயத்தில் சிவந்த கோல்கள் சில தெரிந்தன, அட்டையில் கோடு இல்லை. தட்டின் முடிவுக்குக் காத்திராமல் ‘காசநோய் சாராத இனம்’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் தட்டில் வேறு பாக்டீரியா வளர்ந்திருந்தது: கருவியை நேர்மறை காட்டவைத்தது அந்தக் கலப்படமே, காசநோய்க் கிருமிகளோ அட்டைக்குத் தேவையான அளவு புரதத்தைச் சுரக்கும் எண்ணிக்கையை எட்டவில்லை. மீண்டும் தூய்மையாக்கி வளர்த்தபோது கோடு தெளிவாக விழுந்தது. நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே அறிக்கையைத் திருத்த முடிந்தது. எம்பிடி64 புரதத்துக்கான மரபணு மாறிய காசநோய்க் கிருமிகள் கோடே காட்டாமலும் போகலாம் என்பதால், மரபணுச் சோதனை முடியாமல் இனப்பெயர் எழுதாதீர்கள்.

படி 3: பரவலாகக் காணப்படும் இனங்களுக்கு லைன் புரோப் பட்டை (கிருமியின் டிஎன்ஏவைக் கோடுகளாகக் காட்டி இனத்தைச் சொல்லும் சோதனை) போதும். மரபணு வரிசையைப் படிப்பதென்றால் 16எஸ் பகுதியை (பாக்டீரிய இனங்களை அறிய வழக்கமாகப் படிக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு) மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை. கன்சாசி, காஸ்ட்ரி ஆகிய இனங்கள் அதில் பிரியமாட்டா, அப்செஸ்ஸஸும் கெலோனேயும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். எச்எஸ்பி65, ஆர்பிஓபி ஆகிய மரபணுக்களையே நான் விரும்புகிறேன். மால்டி-டாஃப் (கிருமியின் புரதங்களின் நிறையை அளந்து இனத்தைக் கண்டறியும் கருவி) விரைவானது, ஆனால் கிருமியைக் கொன்று, மணிகளோடு குலுக்கி அதன் மெழுகுச் சுவரை உடைத்த பிறகே தெளிவான முடிவு தரும்.

அப்செஸ்ஸஸ் என்று வந்தால் துணையினத்தையும் கேளுங்கள்: மாசிலியென்ஸ் துணையினத்தில் மருந்து எதிர்ப்பைத் தரும் ஈஆர்எம்41 மரபணு சிதைந்திருப்பதால் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் வேலை செய்யும், அப்செஸ்ஸஸ் துணையினத்தில் அம்மரபணு இயங்கினால் எதிர்ப்பு மெல்ல எழும், அதைக் காண மருந்துச் சோதனையை 14 நாள் வரை நீட்டிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: தோல் புண் மாதிரியில் ஒன்றுமே வளரவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மரினம், அல்சரன்ஸ் போன்றவை 30 பாகை செல்சியஸ் அளவிலேயே நன்கு வளர்வதால், தோல் மாதிரிகளை 37 பாகையோடு 30 பாகையிலும் வையுங்கள். ஹீமோஃபிலம் இனத்துக்கு ஊடகத்தில் ஹீமினோ (இரத்தத்திலிருந்து பெறப்படும் இரும்புச் சேர்மம்) வேறு இரும்புச் சத்தோ சேர்க்க வேண்டும்.