பாட்டியைப் புனிதராக்காமல் நினைவுகூர்வது எப்படி

பாட்டி போன பிறகு முதல் வேலை எழுதுவது இல்லை, போனில் இருக்கும் அவருடைய குரலைக் காப்பாற்றுவது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகள், பிறந்தநாள் வீடியோவின் பின்னணியில் கேட்கும் அதட்டல், எல்லாவற்றையும் உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். போன் மாறும்போது இவைதான் முதலில் காணாமல் போகும். மூன்று பிரதிகள் இருக்கட்டும். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறொருவர் வீட்டில் ஒன்று. பாட்டியின் போன் எண்ணை ரத்து செய்யும் பேச்சு வந்தால், இது முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அப்புறம் சொந்தக்காரர்களிடம் கேட்பது. "பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். நான் வேறு மாதிரி கேட்டேன். உங்களைக் கடைசியாக எதற்குத் திட்டினாங்க? எந்த விளையாட்டில் ஏமாத்துவாங்க? எந்தப் பாட்டை வரி மாற்றிப் பாடுவாங்க? ஜெபத்தில் உங்க பேர் எந்த இடத்தில் வரும்? கடைசிக் கேள்விக்கு என் மாமா வாய்விட்டுச் சிரித்தார். பாட்டி விடியற்காலையில் ஒரு பழைய டைரியைப் பார்த்து, பெயர் பெயராக வாசித்து ஜெபிப்பார். முந்தின நாள் அவரோடு சண்டை போட்டவர் பெயர் வந்தால் மட்டும் குரல் உயரும், பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்கு. "அவனுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே" என்று தன் பெயரைக் கேட்டுத்தான் மாமா பல நாள் கண் விழித்தாராம்.

இந்த ஒரு சம்பவத்தில் பக்தியும் இருக்கிறது, குறும்பும் இருக்கிறது. தேட வேண்டியது இப்படிப்பட்டதைத்தான். விசுவாசத்துக்கு ஒரு பத்தி, நகைச்சுவைக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதினால் இரண்டு வேறு பாட்டிகள் வந்துவிடுவார்கள்.

பிள்ளைகளை விட, அவரோடு வளர்ந்த தம்பி தங்கைகளிடமும் பழைய தோழிகளிடமும் முதலில் பேசுங்கள். பாட்டி ஆவதற்கு முன் அவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு துணியின் மேல் வையுங்கள். தொடக்கத்திலேயே தேதியையும் பேசுபவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்தால் இன்னும் நல்லது. "அப்படி இல்லை, அன்னைக்கு மழை" என்று ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் எழுதி வையுங்கள்.

பாட்டியின் பைபிளை யாரும் 'ஒழுங்குபடுத்தும்' முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளை எடுக்காமல், எந்தப் பக்கத்தில் எது இருக்கிறதோ அப்படியே படம் எடுங்கள். அடிக்கோட்டையும் ஓரக் குறிப்பையும் தவறவிடாதீர்கள். துருப்பிடிக்கும் கிளிப், ரப்பர் பேண்ட் ஆகியவற்றை மட்டும் பிறகு மெதுவாக நீக்கலாம். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். என் பாட்டி 121-ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் வெறும் ஒரு தேதியை எழுதியிருந்தார். அத்தையிடம் கேட்டபோதுதான் அது தாத்தாவின் அறுவை சிகிச்சை நாள் என்று தெரிந்தது. அவர் பயந்ததை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

ஆனால் ஜெபக் குறிப்புகளில் மற்றவர்களின் கஷ்டமும் இருக்கும், கடன், குடி, பிரிந்துபோன கல்யாணம் என்று. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அவற்றை யாருக்கும் காட்டக் கூடாது. சில பக்கங்கள் மூடியே இருக்கட்டும்.

புகைப்படங்களுக்குச் சுருக்கமாக: சிறிய படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா வேண்டாம். பசை ஒட்டும் ஆல்பத்தில் இருப்பதை இழுத்துப் பிய்க்காமல், முதலில் பக்கத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவுக் கூட்டத்தில் வைக்க, ஸ்டுடியோவில் விறைப்பாக நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பார்கள். சிரிக்கும் படத்துக்காகச் சண்டை போடுங்கள்.

இனி நினைவுரை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்தால்தான் நீளம் தெரியும். பிறந்த தேதி, படிப்பு, பிள்ளைகள் எல்லாம் அச்சிட்ட தாளில் இருக்கும், நீங்கள் அதில் தொடங்காதீர்கள். நான் கேரம் பலகையில் தொடங்கினேன். சிவப்புக் காயைப் போட்டபின் அடுத்த காய் விழாவிட்டாலும், "விழுந்த மாதிரிதான், ஆண்டவருக்குத் தெரியும்" என்று பாட்டி இரண்டையும் எடுத்துக்கொள்வார். கூட்டம் சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெப டைரியைப் பற்றிச் சொன்னதை எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால், பைபிளில் ஆதியாகமம் 21-ஐக் காட்டுங்கள். முதிர்வயதில் பிள்ளை பெற்ற சாராள், தேவன் தன்னைச் சிரிக்க வைத்தார் என்கிறாள். எனக்கு அதைவிட லோவிசாள்தான் உறுத்தல். பவுலின் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் பாட்டி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டுகிறார், ஒரே வசனம். அவள் எப்படி ஜெபித்தாள், பேரனை என்ன சொல்லிக் கேலி செய்தாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பக்தியை மட்டும் எழுதினால் நம் பாட்டிக்கும் அவ்வளவுதான் மிஞ்சும்.

கேலிக்கு ஓர் எல்லை உண்டு. அவர் தெரிந்தே செய்த குறும்பைச் சொல்லுங்கள், கடைசிக் காலத்து மறதியைச் சிரிப்பாக்காதீர்கள். நோயைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். பிடிவாதத்தை மறைக்க வேண்டாம், ஆனால் அதனால் காயப்பட்டவர் முன்வரிசையில் இருந்தால் முன்னமே அவரிடம் பேசிவிடுங்கள்.

தாளில் எழுத்துப் பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அச்சிடுங்கள். கண்ணில் நீர் நிறைந்தால் சின்ன எழுத்து தெரியாது. இன்னொரு பிரதியைத் தொண்டை அடைக்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் நிறுத்தும் இடத்திலிருந்து அவர் வாசிக்கட்டும்.

சேகரித்ததைப் புத்தகமாகத் தைக்கிறீர்களா? பின்னால் நிறைய வெற்றுப் பக்கங்கள் விடுங்கள். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, நீங்கள் அறியாத யாரோ ஒருவர் வந்து, "உங்க பாட்டி ஒரு தடவை என்ன பண்ணாங்க தெரியுமா" என்று ஆரம்பிப்பார். அவருடைய போன் எண்ணை வாங்கிக்கொண்டு, அந்த வாரமே கூப்பிடுங்கள்.