ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சியோட 'சிகமட்சு மோனோகதாரி' படத்த முதல் தடவ பாக்குறவங்களுக்கு

1954-ல வந்த கருப்பு வெள்ளை படம், 1 மணி 40 நிமிஷம் போல ஓடும். முதல் அரை மணி நேரம் ஆளுங்க குறுக்கும் நெடுக்குமா ஓடிட்டே இருப்பாங்க, குழம்பிடும், அதனால நாலு பேர மட்டும் மனசுல வச்சுக்கோங்க. இஷுன், கியோட்டோல காலண்டர் அச்சடிக்கிற உரிமை வச்சிருக்கற பணக்காரன், மகா கஞ்சன். ஓசான் அவனோட இளம் மனைவி. மோஹேய் கடையோட கைதேர்ந்த தொழிலாளி. ஒதாமா வேலைக்காரப் பொண்ணு.

ஓசானோட அண்ணனுக்கு பணம் வேணும், புருஷன்கிட்ட கேக்க முடியல, மோஹேய் உதவப்போய் மாட்டிக்கிறான், அதுக்கப்புறம் ஒரு ராத்திரி ஒதாமா ரூம்ல ஓசானும் அவனும் ஒண்ணா இருக்கறத பாத்துடறாங்க. ரெண்டு பேருமே தப்பு பண்ணல. "உண்மைய சொல்லிட்டா போச்சே"ன்னு உங்களுக்கு தோணும், ஆனா அந்தக் காலத்துல எஜமானி வேலைக்காரனோட தொடர்பு வச்சிருந்தா சிலுவைல அறைஞ்சு கொல்லுவாங்க, அத மறந்துட்டு பாத்தா படமே புரியாது. ஆரம்பத்துலயே அப்படி ஒரு ஜோடிய குதிரைல கட்டி தெருவுல கூட்டிட்டு போறத காட்டுவாங்க, அப்ப போன நோண்டாதீங்க ப்ளீஸ்.

கதைய விட ஓசானுக்கும் மோஹேய்க்கும் நடுவுல இருக்கற தூரத்த கவனிங்க, எனக்கு படமே அதுதான். அவன் குனிஞ்சே இருப்பான், அவ நிமிந்தே பேசுவா. பிவா ஏரி சீன் வரும்போது லைட்ட அணைச்சிடுங்க. பனி, ஒரு சின்னப் படகு, வீட்ட விட்டு ஓடினவங்க இங்க சாகத்தான் வந்திருக்காங்க, அவ கால துணியால கட்டிட்டே அவன் ரொம்ப நாளா உங்கள விரும்புறேன்னு சொல்றான். அத கேட்டதும் அவளுக்கு சாக மனசு வரல, அவன இறுக்கிப் பிடிச்சுக்கறா! மியாகவாவோட கேமரா அங்க அவசரமே படாது, நீங்களும் ஓட்டி விடாதீங்க.

மலைல அவள காப்பாத்த அவன் ஒளிஞ்சு போகப் பாக்குறான், காயம்பட்ட காலோட அவ துரத்தி விழுறா, அவன் ஓடி வந்து அந்தக் கால பிடிச்சுக்கறான். நீ இனி வேலைக்காரன் இல்ல, என் புருஷன்னு அவ சொல்றது இங்கதான்.

ஹயாசகா இசைல மரக்கட்டை தட்டுற சத்தம் வரும், ஹெட்போன்ல கேளுங்க. நாடக ஆசிரியர் சிகமட்சுவோட மூலக்கதை 1715-ல பொம்மலாட்டத்துக்கு எழுதினது, அந்த மேடை வாசனை அந்த சத்தத்துல இருக்கு.

கடைசில மறுபடியும் குதிரை, மறுபடியும் தெரு, முதுகோட முதுகா கட்டியிருக்காங்க. முகத்த பாத்துட்டு அப்படியே கைய பாருங்க, ரெண்டும் கோத்திருக்கும்.