முதல் டபிள்யூ.டி.ஏ. ரேங்கிங்: சென்னையிலிருந்து கிளம்பும் வீராங்கனைக்கும் வீட்டாருக்கும்

ஜூனியர் டென்னிஸ் ஆட்டம் முடிகிற வயதில் வீட்டில் எழும் முதல் பேச்சு, கோச்சை மாற்றலாமா என்பதுதான். அதற்கு முன்பு பேச வேண்டியது வேறு: அடுத்த மூன்று மாதத்தில் எந்த ஊர், எந்தப் போட்டி, எந்தச் சுற்று? டபிள்யூ.டி.ஏ. எனும் உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் ரேங்கிங்கில் ஆயிரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குள் ஃபோர்ஹேண்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. போட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் முந்துவதும் பிந்துவதும் நடக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பட்டியலில் பெயர் வர இரண்டு வழி உண்டு: மூன்று வெவ்வேறு போட்டிகளில் பாயின்ட் எடுப்பது, அல்லது போட்டி எண்ணிக்கை எதுவானாலும் மொத்தம் 10 பாயின்ட் சேர்ப்பது. ஐ.டி.எஃப். எனும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் அடிமட்டப் போட்டியான டபிள்யூ15-இல் மெயின் டிராவில் (தகுதிச் சுற்றுக்குப் பிறகு வரும் முதன்மைப் போட்டியில்) முதல் சுற்றை வென்றால் 1 பாயின்ட், கால் இறுதி வரை போனால் 3, அரை இறுதிக்கு 6, இறுதிக்கு 10, பட்டத்துக்கு 15. முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. அதாவது, மூன்று ஊர்களில் ஊருக்கொரு மேட்ச் வென்றாலே பெயர் வந்துவிடும். ஒரே வாரம் இறுதிப் போட்டி வரை போனாலும் வந்துவிடும்.

அதற்கு அடுத்த படியான டபிள்யூ35-இல் மெயின் டிராவின் முதல் சுற்றை வென்றால் 4 பாயின்ட். டபிள்யூ15-இல் இரண்டு மேட்ச் வென்று எடுக்கும் 3-ஐவிட இது அதிகம். ஆகவே ரேங்கிங் வந்த கையோடு டபிள்யூ15-இலேயே சுற்றிக்கொண்டிருப்பது வீண். ஆனால் ரேங்கிங் வருவதற்கு முன்பே டபிள்யூ35 தகுதிச் சுற்றை மட்டும் நம்பிப் போவதும் தவறு. அங்கே 500-க்குள் இருப்பவர்களும் வருவார்கள். இரண்டு வாரம் டபிள்யூ15, அதே வட்டாரத்தில் ஒரு வாரம் டபிள்யூ35 தகுதிச் சுற்று என்று மூன்று வாரக் கட்டாகப் போடுங்கள். ஒரே வாரத்துக்காக விமானம் ஏறாதீர்கள்.

கோவையின் மாயா ராஜேஷ்வரன் 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து அரை இறுதி வரை போனதைப் பார்த்துவிட்டு, நாமும் நேரே பெரிய போட்டிக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகலாம், வைல்டு கார்டு (ரேங்கிங் பார்க்காமல் தரும் இடம்) கிடைத்தால். நுங்கம்பாக்கத்தில் 2022-இலும் 2025-இலும் நடந்ததைப் போன்ற டபிள்யூ.டி.ஏ. 250 போட்டியின் மெயின் டிராவில் முதல் சுற்றில் தோற்றால்கூட 1 பாயின்ட் உண்டு. ஆனால் வைல்டு கார்டு என்பது போட்டி நடத்துபவர்களின் முடிவு. அதை வைத்து ஆண்டுத் திட்டம் போட முடியாது. அகில இந்திய டென்னிஸ் சங்கமான ஐட்டா நடத்தும் பெண்கள் ரேங்கிங் போட்டிகளை ஆண்டுக்கு நான்கைந்தாவது ஆடி, தேசிய ரேங்கிங்கை மேலே வைத்திருந்தால், கேட்கும்போது கையில் ஒரு நியாயமாவது இருக்கும்.

பதிவு வேலைகளைப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஐ.டி.எஃப். தரும் ஐபின் என்ற பதிவு எண் இல்லாமல் எதிலும் பெயர் கொடுக்க முடியாது. ஊழல் தடுப்பு குறித்த ஆன்லைன் பாடத்தையும் முடிக்க வேண்டும். 14 வயது நிறைந்திருக்க வேண்டும், 18 வரை ஓராண்டில் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஐபினில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி: ஒன்றில் 'எஸ்.', இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர் என்றிருந்தால் விசாவிலும் பரிசுப் பண வங்கிக் கணக்கிலும் சிக்கும்.

பெயர் கொடுக்கக் கடைசி நேரம், போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முந்தைய வியாழன், நம் நேரப்படி இரவு 7.30. அபராதமில்லாமல் விலக, 13 நாள் முந்தைய செவ்வாய், அதே 7.30. இரண்டுக்கும் போனில் அலாரம் வையுங்கள். மாலைப் பயிற்சி முடிந்து வீடு திரும்பும் நேரம் அது, எனவே தவறவிடுவது மிகச் சுலபம். ஒரே வாரத்துக்குப் பல போட்டிகளை முன்னுரிமை வரிசையில் போடலாம். அந்த வரிசையைக் கவனித்துப் போடாதவர்கள், கஜகஸ்தானில் இடம் கிடைத்துவிட்டதே என்று விழிப்பார்கள்.

போடுவதற்கு முன், அதே போட்டியின் சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்து, தகுதிச் சுற்றில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்கிங் என்ன என்று பாருங்கள். மெயின் டிராவில் 32 பேர். அதில் 8 இடம் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருபவர்களுக்கு, 4 வைல்டு கார்டுக்கு. ரேங்கிங் இல்லாதவருக்கு நிஜமான வாசல் அந்த 8 இடம்தான். துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக், துருக்கியின் அன்டால்யா போன்ற ஊர்களில் டபிள்யூ15 வாரக்கணக்கில் தொடர்ந்து நடக்கும். ஒரே ஹோட்டல், ஒரே மைதானம், தோற்றாலும் அடுத்த வாரம் அங்கேயே. இந்தியாவில் போட்டி நடக்கும் வாரங்களை முதலில் நிரப்புங்கள். இடைவெளிக்கு, சென்னையிலிருந்து நேரடி விமானம் உள்ள தாய்லாந்தைப் பாருங்கள். அப்புறம்தான் தூரதேசம்.

விசாவில் ஒரு பொறி இருக்கிறது. பட்டியல் வெளியாவதே போட்டிக்கு இரண்டரை வாரம் முன்புதான். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கோ 15 நாள் வரை ஆகும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாள் தனி. பெயர் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் விமானம் போய்விடும். போட்டி நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பி அழைப்புக் கடிதம் வாங்குங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை சைன்-இன், அதாவது ஆட வந்துவிட்டேன் என்று கையெழுத்திடுவது. வழக்கமாகத் தகுதிச் சுற்றுக்கு முந்தின நாள் மாலை 6 மணியோடு முடியும். ஃபாக்ட் ஷீட்டில் (போட்டி விவரத் தாளில்) உள்ளதே இறுதி. ஞாயிறு, திங்கள் தகுதிச் சுற்று என்றால் வெள்ளி இரவே ஊரில் இருங்கள். தகுதிச் சுற்றில் மூன்றாவது செட் கிடையாது, 10 பாயின்ட் மேட்ச் டைபிரேக்தான். இதைப் பயிற்சியில் ஆடிப் பழகாமல் போகிறவர்கள் ஏராளம். வாரத்துக்கு இரண்டு நாள், செட் 1-1 என்று வைத்துக்கொண்டு நேரே டைபிரேக் ஆடுங்கள், முதல் நான்கு பாயின்ட்டுக்கு முதல் சர்வ் உள்ளே விழுவதையே குறியாக வைத்து. கடைசிச் சுற்றில் தோற்றாலும் பெட்டியைக் கட்டாதீர்கள். லக்கி லூசர் பட்டியலில் கையெழுத்திட்டு மைதானத்திலேயே இருங்கள். மெயின் டிராவில் யாருக்காவது கணுக்கால் பிசகினால் அந்த இடம் அங்கே நிற்பவருக்குத்தான்.

டபுள்ஸை விடாதீர்கள். சிங்கிள்ஸ் போய்விட்டாலும் மேட்ச் அனுபவம் கிடைக்கும், சாப்பாட்டுச் செலவாவது தேறும். டபுள்ஸில் இருவரின் ரேங்கிங்கையும் கூட்டிப் பார்ப்பார்கள் என்பதால், உங்களைவிட மேலே இருப்பவரைப் பார்ட்னராகப் பிடிக்க இரண்டு வாரம் முன்பே கேட்டு வையுங்கள்.

பணத்தை மறைக்காமல் சொல்லிவிடலாம். டபிள்யூ15-இல் மொத்தப் பரிசு 15,000 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 150 டாலர் அளவில், அதிலும் அந்த நாட்டு வரி போகும். பட்டமே வென்றாலும் 2,500 டாலரைத் தாண்டாது. மூன்று வாரமும் முதல் சுற்றோடு முடிந்தால் கையில் வருவது ஹோட்டல் வாடகைக்கே பத்தாது. எனவே முதல் ஆண்டைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். கோச்சை எல்லா வாரமும் அழைத்துப் போகாதீர்கள். மூன்று வாரத்தில் நடு வாரத்துக்கு மட்டும் வரச் சொல்லலாம், அல்லது ஒரே அகாடமியின் மூன்று பெண்கள் ஒரு கோச்சின் செலவைப் பங்கிடலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமான எஸ்.டி.ஏ.டி.யின் எலைட், மிம்ஸ், சி.டி.எஸ். உதவித் திட்டங்களுக்கும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்க, ஒவ்வொரு போட்டியின் டிரா ஷீட், ரசீது, போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் அன்றன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். ஆண்டு முடிவில் தேடினால் எதுவும் கிடைக்காது.

இனி வெயில். சென்னையில் எல்லா அகாடமியும் காலை 6 முதல் 9 வரை, மாலை 4-க்கு மேல் என்றுதான் ஓடும். போட்டியில் மேட்ச் வருவதோ பகல் 12 மணிக்கு. வாரத்தில் ஒரு நாளாவது 11 மணிக்குக் கோர்ட்டில் இறங்கி இரண்டு செட் ஆட வேண்டும். ஆடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. அந்த அளவை வைத்து, ஒவ்வொரு சேஞ்ச்-ஓவரிலும் (பக்கம் மாறும் இடைவேளையிலும்) எவ்வளவு குடிக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் தசைப்பிடிப்பு போகாது, உப்பு வேண்டும். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. அளவு 30.1 டிகிரியைத் தொட்டால் இரண்டாவது, மூன்றாவது செட்டுக்கு இடையே 10 நிமிட ஓய்வு கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

சுடும் மதியத்தில் பந்து பறக்கும், ஈரமான மாலையில் கனக்கும். நான்கு ரேக்கெட் இருந்தால் இரண்டை வழக்கமான டென்ஷனில் (ஸ்டிரிங்கின் இறுக்கத்தில்), ஒன்றை ஒரு கிலோ கூட்டி, ஒன்றை ஒரு கிலோ குறைத்துப் போட்டு வையுங்கள். பாலியெஸ்டர் ஸ்டிரிங் அறுந்துபோகாவிட்டாலும் பத்து மணி நேர ஆட்டத்தில் செத்துவிடும். அறுகிற வரை ஆடுவது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கேடு. 200 மீட்டர் ரீல் வாங்கினால் 12 மீட்டர் வீதம் 16 முறை போடலாம், தனித்தனி பாக்கெட்டைவிட மலிவு. ஓவர்-கிரிப் நம் ஈரத்தில் ஒரு மேட்ச்சுக்கு இரண்டு போய்விடும்.

மருந்து விஷயத்தில் நம் பழக்கங்களே ஆபத்து. மயக்கமாக இருக்கிறது என்று பக்கத்து கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வது சாதாரணம். ஆனால் 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியே எது ஏற்றினாலும் ஊக்கமருந்து விதிப்படி தடை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, பரிசோதனை போன்றவைதான் விலக்கு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் தரும் பல இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கும், அதற்கு எந்நாளும் தடை. அலர்ஜிக்கு எழுதித்தரும் டெக்சாமெத்தசோன் மாத்திரை போட்டி நேரத்தில் தடை. டாக்டரிடம் போகும்போதே 'நான் டோப் டெஸ்டுக்கு உட்பட்டவள்' என்று சொல்லி, மருந்தின் உள்ளடக்கப் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். காரணமில்லாமல் மூன்றாவது செட்டில் கால் கனக்கிறது என்பதற்குப் பின்னால் பல பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் இருக்கும்.

ரேங்கிங் வந்த பிறகு காலண்டரில் சிவப்பு மையால் ஒரு வேலை: ஒவ்வொரு பாயின்ட்டும் எடுத்த வாரத்திலிருந்து 52 வாரத்தில் விழுந்துவிடும். சிங்கிள்ஸில் சிறந்த 18 போட்டிகள்தான் எண்ணிக்கையில் சேரும் என்பது மேலே இருப்பவர்களின் கவலை. உங்களிடம் மூன்றே போட்டிப் பாயின்ட் இருக்கும்போது ஒன்று விழுந்து, மொத்தமும் 10-க்குக் கீழே இருந்தால், பட்டியலிலிருந்து பெயரே போய்விடும். ஆகவே முதல் பாயின்ட் விழும் வாரத்துக்கு இரண்டு மாதம் முன்பே நான்காவது போட்டியில் பாயின்ட் எடுத்திருக்குமாறு அடுத்த மூன்று வாரக் கட்டைப் போடுங்கள்.